மேற்கோள் குறைந்தது ஏன்? ஒரு கால்நடை அறிவியல் இதழை அளந்த ஆய்வின் நிகழ்வுப் பதிவு

பின்னணி

வேலூர் வட்டாரத்துக் கலைக் கல்லூரி ஒன்றில் நூலகராக இருக்கும் பெண் ஒருவரின் முனைவர் பட்ட ஆய்வு பற்றியது இந்தப் பதிவு. அவரை இனி ஆய்வாளர் என்றே குறிப்பிடுகிறேன். பகலில் கல்லூரி நூலகம். மாலையிலும் விடுமுறை நாட்களிலும் ஆய்வு. நூலக அறிவியலில் பகுதிநேரமாகப் பதிவு செய்திருந்தார். அவருடைய டாக்டரல் கமிட்டியில் நானும் ஓர் உறுப்பினர் என்பதால், தலைப்பு முடிவானதிலிருந்து வைவா (வாய்மொழித் தேர்வு) நடந்தது வரை பக்கத்தில் இருந்து பார்க்க முடிந்தது. அவருடைய சம்மதத்தோடும் அவருடைய வழிகாட்டியின் சம்மதத்தோடும்தான் இதை எழுதுகிறேன். இதழின் பெயரும் கல்லூரியின் பெயரும் வேண்டாம் என்று இருவரும் கேட்டுக்கொண்டார்கள்.

எடுத்துக்கொண்ட பொருள்: நம் நாட்டின் பழைய கால்நடை அறிவியல் இதழ்களுள் ஒன்றில் 1981 முதல் 2020 வரை வந்த கட்டுரைகளின் ஆய்வுப் போக்கும், அவற்றுக்குக் கிடைத்த மேற்கோள்களும், அதாவது பிற ஆய்வுக் கட்டுரைகள் அவற்றைச் சான்றாகச் சுட்டிய எண்ணிக்கையும்.

தமிழ்நாட்டு நூலக அறிவியல் துறைகளில் இந்த வகை ஆய்வு புதிதல்ல. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1948-லேயே நூலகத் துறைக்கு இப்படி ஓர் அளவையியல் வேண்டும் என்று பேசியவர். 1955-ல் யூஜின் கார்ஃபீல்டு மேற்கோள்களைத் தொகுத்து அட்டவணையாக்கலாம் என்ற யோசனையை முன்வைத்தார். 1964 முதல் அது அச்சில் வெளிவந்தது. இன்று ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் போன்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளங்களிலிருந்து ஆயிரக்கணக்கான பதிவுகளைச் சில நிமிடங்களில் இறக்கிவிடலாம். ஆண்டுவாரி, ஆசிரியர்வாரி, ஊர்வாரிப் பட்டியல்கள், வளர்ச்சி விகிதம், இரட்டிப்புக் காலம், கூட்டாய்வு அளவு, லோட்கா விதி, பிராட்ஃபோர்டு விதி என்று இத்தகைய ஆய்வேடுகளுக்கு ஓர் அச்சு உருவாகிவிட்டது. அந்த அச்சில் வார்த்துவிட்டால் இருநூறு பக்கம் தானாக வரும். எண்கள் ஏன் அப்படி இருக்கின்றன என்ற கேள்வி மட்டும் பல ஆய்வேடுகளில் கேட்கப்படாமலே போய்விடுகிறது. இந்த நிகழ்வைப் பதிவு செய்யத் தோன்றியதற்குக் காரணமே அதுதான்.

கால்நடை இதழைத் தேர்ந்தெடுத்ததற்கு ஊர் சார்ந்த காரணமும் உண்டு. ராணிப்பேட்டையில் 1932 முதல் கால்நடைகளுக்கான தடுப்பு மருந்து நிலையம் இயங்கிவருகிறது. பழைய வட ஆற்காட்டில் பணியாற்றி ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர்கள் பலர் காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு பக்கங்களிலேயே வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். அவர்களில் சிலரிடம் இதழின் பழைய தொகுதிகள் பைண்டு செய்யப்பட்டுப் பத்திரமாக இருந்தன. கணினியில் கிடைப்பதை அச்சோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்பது பெரிய வசதி.

முதல் வரைவு சொன்னது

முதல் வரைவின் மைய வரைபடம் பார்த்தவுடன் புரியக்கூடியது. 1980களில் வந்த கட்டுரைகளுக்குச் சராசரியாக அதிக மேற்கோள். 1990களின் நடுப்பகுதியிலிருந்து இறக்கம். கடைசி ஐந்தாறு ஆண்டுகளில் கிட்டத்தட்ட தரையோடு தரை. கீழே ஒரு வரி முடிவு: இதழின் ஆய்வுத் தரமும் தாக்கமும் தொடர்ந்து சரிந்துவருகின்றன.

வழிகாட்டிக்கு அந்த வரைவில் குறை தெரியவில்லை. சூத்திரங்கள் சரி, கூட்டல் சரி. சினாப்சிஸ் (ஆய்வேட்டின் சுருக்கம்) கொடுக்கும் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. கமிட்டிக் கூட்டத்தில் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: 2019-ல் வந்த கட்டுரையையும் 1985-ல் வந்த கட்டுரையையும் ஒரே தராசில் வைக்கலாமா? 1985 கட்டுரைக்கு மேற்கோள் சேர முப்பத்தைந்து ஆண்டு கிடைத்திருக்கிறது. 2019 கட்டுரைக்கு ஓராண்டுகூட முழுதாகக் கிடைக்கவில்லை. வரைபடத்தின் வலது முனை தரையைத் தொடுவதற்கு இது ஒன்றே போதும்.

ஆய்வாளர் அதை உடனே ஏற்றுக்கொண்டார். ஆனால் 1990களின் நடுப்பகுதி இறக்கத்துக்கு இந்தக் காரணம் பொருந்தாது. அந்தக் கட்டுரைகளுக்கு இருபத்தைந்து ஆண்டு கிடைத்திருக்கிறதே. அந்த இறக்கம் எங்கிருந்து வந்தது என்பதற்கு எங்கள் யாரிடமும் பதில் இல்லை. இன்னொரு உறுப்பினர், "நூலக அறிவியல் ஸ்காலர் எண்களைச் சொன்னால் போதும், நோய் வரலாறெல்லாம் நம் வேலை இல்லை" என்று வாதிட்டார். நியாயம் இல்லாத வாதம் என்று அதைத் தள்ளிவிட முடியாது. துறை எல்லையைத் தாண்டிக் கருத்துச் சொன்னால் புறத்தேர்வாளர் கேள்வி கேட்பார் என்ற கவலை அவருக்கு. வழிகாட்டி இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, சினாப்சிஸைத் தள்ளிவைப்பது என்றும், துறை தெரிந்த ஒருவரிடம் பட்டியலைக் காட்டிவிட்டு மேற்கொண்டு பேசலாம் என்றும் முடிவு செய்தார். பதிவுக்கால நீட்டிப்புக்குக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. ஆய்வாளர் தயங்கவில்லை.

மருத்துவர் பார்த்த பட்டியல்

குடியாத்தம் பக்கம் வசிக்கும் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவரை அணுகினோம். அதிக மேற்கோள் பெற்ற கட்டுரைகளின் பட்டியலை ஆய்வாளர் அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தார். அவர் மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, பேனாவால் ஒவ்வொரு தலைப்பின் ஓரத்திலும் டிக் போட்டுக்கொண்டே வந்தார்.

"இது வெக்கை. இதுவும் வெக்கை. இது வெக்கை தடுப்பூசி. இது ஆட்டுல வெக்கைன்னு எழுதியிருக்காங்க, அது வேற கதை."

முதல் பக்கம் முடிவதற்குள் பாதித் தலைப்புகளுக்கு மேல் டிக் விழுந்திருந்தது. பிறகு வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "இது ஏன் இறங்குதுன்னா கேக்குறீங்க? நோயே இல்லியேம்மா" என்றார்.

வெக்கை நோய், அதாவது ரிண்டர்பெஸ்ட், மாட்டு மந்தைகளைக் கூண்டோடு அழித்த வைரஸ் நோய். அதை ஒழிக்க இந்தியாவில் 1954-ல் தேசியத் திட்டம் தொடங்கியது. 1992 முதல் ஐரோப்பிய நிதியுதவியோடு இரண்டாவது பெரிய முயற்சி நடந்தது. நாட்டில் கடைசியாக அந்த நோய் பதிவானது 1995 ஜூனில், நம் வட ஆற்காட்டில்தான். 2006-ல் இந்தியா வெக்கை இல்லாத நாடு என்று உலக விலங்கு நல அமைப்பு ஏற்றது. 2011-ல் உலகத்திலிருந்தே அந்த நோய் ஒழிந்ததாக அறிவித்தார்கள். பெரியம்மைக்கு அடுத்தபடியாக மனித முயற்சியால் முற்றிலும் ஒழிக்கப்பட்ட நோய் அது ஒன்றுதான்.

இந்த இதழில் 1980களில் வெக்கையைப் பற்றி எழுதியவர்கள் நோயைக் கண்டறியும் முறை, தடுப்பூசியின் எதிர்ப்பாற்றல் நீடிக்கும் காலம், சந்தைகள் வழியாகப் பரவும் விதம் ஆகியவற்றை எழுதினார்கள். ஒழிப்புத் திட்டம் நடந்தவரை அந்தக் கட்டுரைகளை மற்றவர்கள் மேற்கோள் காட்டினார்கள். நோய் போனதும் மேற்கோளும் நின்றது. புதிதாக எழுதவும் யாருக்கும் தேவை இல்லை. ஆய்வு ஜெயித்ததன் அடையாளத்தைத்தான் முதல் வரைவு சரிவு என்று எழுதியிருந்தது. எந்த மாவட்டத்தில் அந்த நோய் கடைசியாக நின்றதோ அதே மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு அப்படி எழுதப்பட்டிருந்தது என்பதில் எங்கள் எல்லோருக்கும் வருத்தம் இருந்தது.

அவர் "வேற கதை" என்று சொன்னதும் முக்கியமானதாகவே இருந்தது. ஆட்டுக்கொல்லி நோய் எனப்படும் பி.பி.ஆர். இந்தியாவில் முதலில் அடையாளம் காணப்பட்டது 1987-ல், அன்றைய தென் ஆற்காட்டில், விழுப்புரம் அருகே அரசூரில். இரண்டு நோய்களின் வைரஸ்களும் நெருங்கிய உறவு கொண்டவை. எனவே அதற்கு முன் ஆடுகளில் வெக்கை என்று பதிவானவற்றுள் சில ஆட்டுக்கொல்லியாகவே இருந்திருக்கலாம் என்று துறையினர் கருதுகிறார்கள். கட்டுரைகளின் குறிச்சொற்களை ஆண்டுவாரியாகக் காட்டும் வரைபடத்தில் ஒரு கோடு இறங்க, அதற்குச் சற்றுப் பின்னால் இன்னொரு கோடு ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்று தேய்கிறது, ஒன்று வளர்கிறது என்று மட்டும்தான் தெரியும். பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஒரே ஆய்வுக்கூடங்கள் ஒரு நோயிலிருந்து அடுத்ததற்கு நகர்ந்தது புலப்படும்.

பெயர்கள்

மருத்துவரைச் சந்தித்த பிறகு ஆய்வாளர் தரவை முதலிலிருந்து பிரித்துப் பார்க்கத் தொடங்கினார். அதிகக் கட்டுரை எழுதியவர்கள் பட்டியலில் முதலிடத்தில் 'குமார் எஸ்' என்று ஒரு பெயர் இருந்தது. எக்செல் கோப்பில் அந்த ஒரு பெயரை மட்டும் வடிகட்டியபோது வந்த வரிசைகளில் உடற்கூறியல், கோழி வளர்ப்பு, அறுவை மருத்துவம், இறைச்சி தொழில்நுட்பம் எல்லாம் இருந்தன. நிறுவன முகவரிகள் சென்னை, நாமக்கல், பரேலி, கர்னால் என்று பரந்திருந்தன. ஒருவர் அல்லர், பலர்.

இது நம் பெயர் வழக்கத்தோடு மேலை நாட்டுத் தரவுத்தளம் மோதும் இடம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பனார் பெயரின் முதல் எழுத்து இனிஷியல். 'ம. செந்தில்குமார்' ஒரு கட்டுரையில் சேர்ந்தும், இன்னொன்றில் 'செந்தில் குமார்' என்று பிரிந்தும் அச்சாகிறார். பிரிந்தவுடன் தரவுத்தளம் அவரை 'குமார்' குடும்பத்தில் சேர்த்துவிடுகிறது. பெண்களுக்கு இது இன்னும் மோசம். திருமணத்துக்கு முன் அப்பாவின் இனிஷியல், பின் கணவரின் இனிஷியல். ஒரே மருத்துவர், ஒரே ஆய்வுக்கூடம், ஒரே பொருள். பட்டியலில் இரண்டு பேர். பெண் ஆய்வாளர்கள் பலருடைய உழைப்பு இப்படி இரண்டாகப் பிளந்து, முதல் இருபது பெயர்களுக்குள் வராமலே போயிருந்தது. இதைக் கண்டபோது ஆய்வாளருக்கு வந்த கோபம் நியாயமானது.

லோட்கா 1926-ல் சொன்ன கணக்குப்படி, ஒரே ஒரு கட்டுரை எழுதியவர்கள் 100 பேர் இருந்தால் இரண்டு எழுதியவர்கள் சுமார் 25 பேர், மூன்று எழுதியவர்கள் சுமார் 11 பேர் இருப்பார்கள். பலரை ஒருவராகச் சேர்த்தும், ஒருவரைப் பலராகப் பிரித்தும் வைத்துக்கொண்டு இந்த விதி பொருந்துகிறதா என்று சோதிப்பதில் பொருள் இல்லை. பொருந்தினாலும் அது தற்செயல்தான்.

ஊர்ப்பெயர்களிலும் இதே சிக்கல். வட ஆற்காடு மாவட்டம் 1989-ல் இரண்டாகப் பிரிந்தது; அம்பேத்கர் பெயரோடு சிறிது காலம், பிறகு வேலூர், 2019-ல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்று. ராணிப்பேட்டையில் ஒரே வளாகத்திலிருந்து எழுதப்பட்ட கட்டுரைகள் நான்கு மாவட்டங்களின் கணக்கில் சிதறிக் கிடந்தன. இது போதாதென்று, தரவு உள்ளிட உதவிய ஒருவர் 'ராணிக்கெட்' என்பதை எழுத்துப்பிழை என்று நினைத்து எல்லா இடத்திலும் 'ராணிப்பேட்டை' ஆக்கியிருந்தார். ராணிக்கெட் உத்தராகண்ட் மலைநகரம். கோழிகளுக்கு வரும் வெள்ளைக்கழிச்சல் நோய்க்கு இந்தியாவில் அந்த ஊரின் பெயர் நிலைத்துவிட்டது. உலகம் அதே நோயை நியூகாசில் நோய் என்கிறது. ஆகக் கோழி நோய் ஒன்று குறிச்சொல் பட்டியலில் ஒரு பங்கு நியூகாசிலாகவும், ஒரு பங்கு ராணிக்கெட்டாகவும், மீதி ஊராகவும் மாறியிருந்தது. முதல் வரைவில் கோழி நோய் ஆய்வு குறைவு என்று எழுதப்பட்டிருந்ததற்கு இதுவே காரணம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலாவது, மேற்கோள் சாளரம். ஒவ்வொரு கட்டுரைக்கும் அது வெளிவந்த ஆண்டை அடுத்த ஐந்து ஆண்டுகளில் கிடைத்த மேற்கோளை மட்டும் எண்ணுவது. 1985-க்கும் ஐந்து, 2010-க்கும் ஐந்து. 2015-க்குப் பின் வந்தவற்றை மேற்கோள் ஒப்பீட்டிலிருந்து விலக்கிவிட்டு, ஆய்வுப் போக்கைப் பார்க்க மட்டும் பயன்படுத்துவது. தாக்கக் காரணி (ஓர் இதழின் முந்தைய இரண்டாண்டுக் கட்டுரைகளுக்கு ஓர் ஆண்டில் கிடைக்கும் சராசரி மேற்கோள்) என்ற வழக்கமான இரண்டாண்டுக் கணக்கு ஏன் வேண்டாம் என்ற கேள்வி வந்தது. கால்நடை மருத்துவத்தில் ஒரு கட்டுரை படிக்கப்பட்டு, களத்தில் முயன்று பார்க்கப்பட்டு, இன்னொருவர் அதை எழுதி அச்சேற்றுவதற்குள் இரண்டாண்டு ஓடிவிடும். மூலக்கூறு உயிரியலின் வேகத்தை இதன்மேல் சுமத்துவது முறையல்ல என்பதே எங்கள் நிலைப்பாடு. இரண்டாண்டுக் கணக்கையும் பின்னிணைப்பில் கொடுத்தோம், மற்ற இதழ்களோடு ஒப்பிட விரும்புவோருக்காக.

இரண்டாவது, விடுபட்ட மேற்கோள்களைத் தேடுவது. மேற்கோள் காட்டுபவர்கள் இதழின் பெயரை அவரவர் விருப்பப்படி சுருக்குகிறார்கள். 'வெட்', 'வெட்டி', 'வெட்னரி', 'ஜே', 'ஜர்ன்' என்று ஒரே இதழுக்குப் பல வடிவங்கள். வழக்கமான வடிவத்தோடு பொருந்தாதவை எண்ணிக்கையில் சேரவில்லை. இது எவ்வளவு வேறுபாட்டை உண்டாக்கும் என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு: 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் ஓர் இதழ் மொத்தம் 200 கட்டுரை வெளியிட்டு, 2019-ல் அவற்றுக்கு 60 மேற்கோள் கிடைத்தால் தாக்கக் காரணி 0.3. பெயர்க் குழப்பத்தால் விட்டுப்போன 30 மேற்கோளைச் சேர்த்தால் அதுவே 0.45. இதழ் மாறவில்லை, கட்டுரை மாறவில்லை, மதிப்பு மட்டும் ஒன்றரை மடங்கு.

இந்தத் திருத்தங்கள் எல்லாம் இதழுக்குச் சாதகமாகவே போகவில்லை. ஸ்கோபஸ் தொடக்கத்தில் 1996-க்குப் பிந்தைய கட்டுரைகளின் மேற்கோள் பட்டியலைத்தான் வைத்திருந்தது. 2014 முதல் அதை 1970 வரை பின்னோக்கி விரித்தார்கள் என்றாலும், எல்லா இதழ்களுக்கும் அது ஒரே நிறைவோடு நடக்கவில்லை. அப்படியானால் 1980களின் கட்டுரைகளுக்கு உண்மையில் கிடைத்த மேற்கோள் நாம் காண்பதைவிடக் கூடுதலாகவே இருக்கும். சரிவு இன்னும் செங்குத்தாகத் தோன்றும். இதை எழுதாமல் விட்டால் முடிவு அழகாக இருக்கும் என்று பேச்சு எழுந்தபோது, வழிகாட்டி ஒரே வார்த்தையில் மறுத்தார். அவர்மீது எனக்கு இருந்த மதிப்பு அன்று கூடியது.

மூன்றாவது, வெக்கைக் கட்டுரைகளைத் தனியாகப் பிரித்து, சேர்த்து ஒரு வரைபடம், நீக்கி ஒரு வரைபடம் போடுவது. நீக்கியபோது 1990களின் இறக்கம் பெருமளவு தணிந்தது. ஆனால் முழுவதும் மறையவில்லை.

மீதி இறக்கம் எதனால் என்று பார்க்க ஆய்வாளர் நல்ல வழி ஒன்றைக் கண்டார். 1990களில் இந்த இதழில் தொடர்ந்து எழுதியவர்களில் பெயர்க் குழப்பம் இல்லாதவர்களை எடுத்து, 2005-க்குப் பின் அவர்கள் எங்கே எழுதினார்கள் என்று தேடினார். மரபணு வரிசை, பி.சி.ஆர்., நுண்ணுயிர் எதிர்ப்பு போன்ற பொருள்களை அவர்கள் வெளிநாட்டு இதழ்களுக்கு அனுப்பியிருந்தார்கள். சிகிச்சை அனுபவக் கட்டுரைகளை மட்டும் இங்கே தொடர்ந்தார்கள். வேளாண், கால்நடை ஆய்வுப் பணிகளுக்குத் தேர்வு செய்யும்போது தேசிய வேளாண் அறிவியல் கழகம் இதழ்களுக்குத் தரும் மதிப்பெண்ணைப் பார்க்கிறார்கள். மதிப்பெண் கூடிய இதழுக்குத்தானே அனுப்பத் தோன்றும்? ஆக ஒரு பங்கு உண்மையான இழப்பு. அதை மறைக்கவில்லை.

நான்காவது முடிவு கைவேலை. அடிக்கடி வரும் கட்டுரையாளர் பெயர்களை முகவரி, பொருள், உடன் எழுதியவர் மூன்றையும் வைத்து ஒவ்வொன்றாகப் பிரித்தார். சந்தேகம் தீராதவற்றைச் சேர்க்காமல் 'உறுதி செய்ய இயலாதவை' என்று தனியே வைத்தார். வளர்ச்சி விகிதம், இரட்டிப்புக் காலம், கூட்டாய்வு அளவு ஆகியவற்றைச் சுருக்கமாக முடித்துக்கொண்டோம். கால்நடைக் கல்லூரிகளில் மாணவர், வழிகாட்டி, துறைத் தலைவர் என்று சேர்ந்தே பெயர் போடுவது நடைமுறை. 100 கட்டுரையில் 95 பலர் சேர்ந்து எழுதியவை என்றால் சுப்பிரமணியம் 1983-ல் தந்த சூத்திரப்படி கூட்டாய்வு அளவு 0.95; அந்த எண் அந்த நடைமுறையைத் தாண்டி எதையும் சொல்வதில்லை.

மருந்து அலமாரிக் கதவில் ஒரு நகல்

இடையில் எதிர்பாராத ஒன்று நடந்தது. பழைய தொகுதிகளைச் சரிபார்க்க ஆய்வாளர் ஜவ்வாது மலையடிவாரத்துக் கால்நடை மருந்தகம் ஒன்றுக்குப் போக நேர்ந்தது. மருந்து அலமாரிக் கதவின் உட்புறத்தில் பிளாஸ்டிக் உறையிட்ட ஒரு நகல் ஒட்டியிருந்தது, ஓரங்கள் பழுத்திருந்தன. இதே இதழில் வந்த ஒன்றரைப் பக்க சிகிச்சைக் கட்டுரை. சோறு அதிகமாகத் தின்ற மாட்டுக்கு வயிற்றில் அமிலம் ஏறினால் என்ன செய்வது என்பது பொருள். சோடியம் பைகார்பனேட் வரும் வரியின் கீழ் சிவப்பு மையில் இரட்டைக் கோடு. பக்கத்தில் யாரோ பென்சிலில் கன்றுக்குட்டிக்கான அளவைத் தனியாகக் கணக்குப் போட்டிருந்தார்கள்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாளும், ஊரில் கல்யாணம் முடிந்து மிச்சச் சோற்றைத் தொட்டியில் கொட்டிய மறுநாளும் இப்படி மாடுகள் வரும் என்று அங்கிருந்த மருத்துவர் சொன்னார். நேரத்துக்குக் கவனிக்காவிட்டால் மாடு பிழைக்காது. "புதுசா வர்ற டாக்டருங்க எல்லாரும் மொதல்ல இத்தப் படிச்சிட்டுதான் ஊசிய எடுப்பாங்க மேடம்" என்றார் உதவியாளர்.

அந்தக் கட்டுரைக்குத் தரவுத்தளத்தில் மேற்கோள் பூஜ்யம்.

இதற்குப் பிறகு ஆய்வேட்டில் ஓர் இயல் கூடியது. பழைய வட ஆற்காட்டுப் பகுதியில் பணியில் உள்ள கால்நடை மருத்துவர்களிடம், இந்த இதழில் வந்தவற்றுள் சிகிச்சையில் உங்களுக்குப் பயன்பட்டது எது என்று கேட்டு எழுதி வாங்குவது. துறை அனுமதி பெற்று, பெயர் கேட்காமல் வாங்கினார். மாதிரி சிறியது, அதை வைத்து மாநிலம் முழுவதற்கும் பேச முடியாது என்பதை ஆய்வேட்டிலேயே எழுதினார். ஆனால் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன கட்டுரைகள் மடிநோய், சினைப் பிரச்சினை, ஆட்டுக்குத் துள்ளுமாரி போன்ற அன்றாடப் பொருள்களில் வந்த சிறு கட்டுரைகள். அதிக மேற்கோள் பட்டியலில் அவற்றில் பெரும்பாலானவை இல்லை. களத்தில் இருப்பவர் படிக்கிறார், மாட்டைக் காப்பாற்றுகிறார். கட்டுரை எழுதுவதில்லை, எனவே மேற்கோளும் காட்டுவதில்லை. நூல்கள் பயன்படுவதற்கே என்பதைத் தன் முதல் விதியாக 1931-ல் வைத்த ரங்கநாதனின் துறையில் படித்த ஒருவர் இதை அளக்காமல் விட்டிருந்தால் அது குறையாகவே இருந்திருக்கும்.

பின்னர் நடந்தது

திருத்திய ஆய்வேட்டில் 'சரிவு' என்ற சொல் தலைப்பிலும் இல்லை, முடிவுரையிலும் இல்லை. மூன்று இழைகளாக முடிவு எழுதப்பட்டது: ஒழிந்த நோயோடு நின்ற மேற்கோள், வேறு இதழ்களுக்குப் போய்விட்ட ஆய்வுகள், எண்ணில் வராத களப் பயன்பாடு. ஆய்வுப் போக்குப் பகுதியில் வெக்கைக்குப் பின் ஆட்டுக்கொல்லி, கோமாரி, நீலநாக்கு, அண்மையில் 2019-ல் ஒடிசாவில் முதலில் பதிவாகிப் பரவிய தோல் கழலை நோய் என்று ஒரு தொடர் கிடைத்தது. பெயர் சரி செய்த பிறகு அதிகம் எழுதியவர்கள் பட்டியல் ஆளே மாறிவிட்டது. பெண் மருத்துவர்கள் சிலர் முன்வரிசைக்கு வந்தார்கள்.

வைவாவில் புறத்தேர்வாளர் கேட்ட முதல் கேள்வி, ஐந்தாண்டுச் சாளரம் எதற்கு, மூன்று ஏன் கூடாது என்பது. ஆய்வாளர் மூன்று, ஐந்து, பத்து ஆகிய மூன்றுக்கும் போட்டு வைத்திருந்த வரைபடங்களைக் காட்டினார். இறக்கத்தின் அளவு மாறினாலும் வடிவம் மாறவில்லை. அடுத்து, வெக்கையை நீக்குவது முடிவைத் தனக்குச் சாதகமாக வளைப்பது ஆகாதா என்று கேட்டார். நீக்கியது, நீக்காதது இரண்டும் ஒரே பக்கத்தில் அருகருகே இருப்பதை ஆய்வாளர் சுட்டினார். தொடக்கத்தில் மறுப்புச் சொன்ன கமிட்டி உறுப்பினர் அந்த இடத்தில் ஆய்வாளருக்கு ஆதரவாகப் பேசினார். பட்டம் கிடைத்தது.

இதழின் ஆசிரியர் குழுவுக்குச் சுருக்கத்தை அனுப்பினோம். கட்டுரையாளர்கள் பெயரை எல்லாக் கட்டுரையிலும் ஒரே வடிவில் எழுதவும் ஆர்கிட் எண் (ஒவ்வோர் ஆய்வாளருக்கும் தனியாக உள்ள அடையாள எண்) தரவும் வேண்டும் என்று அறிவுறுத்தப் போவதாகப் பதில் வந்தது. பழைய தொகுதிகளை வருடி இணையத்தில் ஏற்றி ஒவ்வொரு கட்டுரைக்கும் டி.ஓ.ஐ. எண் (இணையத்தில் கட்டுரையின் நிரந்தர அடையாள எண்) வாங்கும் யோசனைக்கு இப்போதைக்குப் பணம் இல்லை என்றார்கள். சிகிச்சைக் கட்டுரைகளுக்கு இடம் குறைப்பது பற்றி அவர்களுக்குள் பேச்சு இருந்திருக்கிறது. எங்கள் இயலைப் படித்த பிறகு அதைத் தள்ளிவைத்திருப்பதாகத் தெரிவித்தார்கள். நிரந்தரமாகவா என்பது தெரியவில்லை.

அடுத்த ஆய்வில் மாற்ற வேண்டியவை

இதே துறையில் இப்போது இன்னொரு மாணவர் மீன்வள இதழ் ஒன்றை எடுத்திருக்கிறார். அவருக்கு நாங்கள் வகுத்துக் கொடுத்த வரிசை வேறு. தரவை இறக்கும் முன்பே அந்தத் துறையில் நீண்ட காலம் பணியாற்றிய ஒருவரோடு உட்கார்ந்து, எந்தக் காலத்தில் எந்தப் பிரச்சினை பெரிதாக இருந்தது என்று ஒரு காலக்கோடு எழுதிக்கொள்ள வேண்டும். வரைபடம் வந்தபின் காரணம் தேடினால் கிடைக்கிற காரணத்தைப் பிடித்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. இந்த ஆய்வில் வெக்கைக்கு ஆவணச் சான்று திடமாக இருந்ததால் அந்த ஆபத்து குறைவு, எல்லா நேரமும் அப்படி அமையாது.

இறக்கிய தரவின் மூலக் கோப்பைத் தேதியிட்டு, கை படாமல் தனியே வைக்க வேண்டும். ராணிக்கெட் மாற்றத்தைக் கண்டுபிடிக்க முடிந்தது அச்சுத் தொகுதிகள் கையில் இருந்ததால்தான். இனி எந்தச் சொல்லையும் மொத்தமாக மாற்றுவதானால், மாற்றியவர், காரணம், தேதி மூன்றும் ஒரு பதிவேட்டில் ஏற வேண்டும். ஒவ்வோர் ஆண்டிலிருந்தும் சில கட்டுரைகளைக் குலுக்கல் முறையில் எடுத்து அச்சோடு ஒப்பிடுவது இப்போது கட்டாயம். சிகிச்சைக் கட்டுரை, சிறு குறிப்பு, முழு ஆய்வுக் கட்டுரை ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே பிரித்து, தாக்கத்தை அந்தந்த வகைக்குள் மட்டும் ஒப்பிட வேண்டும்.

பயனர் கருத்துப் பகுதி சினாப்சிஸிலேயே இடம்பெற வேண்டும். இந்த ஆய்வில் அது பாதியில் வந்து சேர்ந்ததால் மாதிரி சிறிதாகிவிட்டது. திருவண்ணாமலைப் பக்கத்து மருத்துவர்களைச் சேர்க்க நேரம் போதவில்லை. பழைய வட ஆற்காட்டில் ஆட்டு மந்தை வளர்ப்போர் பலரின் பக்கம் அதனால் விடுபட்டிருக்கிறது என்று குடியாத்தம் மருத்துவர் குறைப்பட்டுக்கொண்டார். அந்தக் குறை நியாயமானதே.

ஆய்வாளர் தயாரித்த பெயர்க் கோப்பும், நோய்ப் பெயர்களின் இணைச்சொல் கோப்பும் துறை நூலகத்தில் இருக்கின்றன. கோமாரியும் எஃப்.எம்.டி.யும், ஆட்டுக்கொல்லியும் பி.பி.ஆரும், வெள்ளைக்கழிச்சலும் ராணிக்கெட்டும் நியூகாசிலும் அதில் ஒரே வரிசையில் உள்ளன. கேட்பவர்களுக்குக் கொடுக்கிறோம், திருத்தம் இருந்தால் கோப்பிலேயே குறித்து அனுப்பச் சொல்கிறோம். இதுவரை வந்த திருத்தங்களில் பெரும்பாலானவை கள மருத்துவர்களிடமிருந்து வந்தவை.